வீடும் வெளியும்: சமுத்திரம் பக்கத்திலேயே இருக்கிறது!

அரைப் பரீட்சை லீவு விட்டால் போதும், வீட்டுக்கு வீடு ஒரே பாட்டுத்தான். "அம்மா, பீச்சுக்குப் போகலாம்மா!" பக்கத்து வீட்டுப் பையன் மெரினாவில் குதிரை ஏறினானாம், எதிர் வீட்டுப் பெண் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பை நிறையக் கிளிஞ்சல் கொண்டு வந்தாளாம். நம் வீட்டுக் குழந்தைகள் மட்டும் என்ன பாவம் செய்தன?

திருவண்ணாமலை வாசகியருக்கு இதற்குப் பதில் சொல்வது கொஞ்சம் சிரமம்தான். மலை இருக்கிறது, கோயில் இருக்கிறது, ஊர் முழுக்கத் தீர்த்தங்கள் இருக்கின்றன. கடல் மட்டும் இல்லை. பாண்டிச்சேரி சுமார் 100 கிலோமீட்டர். சென்னை மெரினா சுமார் 190. கோழி கூவும் முன் எழுந்து, கைக்குழந்தைக்குப் பால் காய்ச்சி, பெரியவனுக்குத் தலை வாரி, மாமியாருக்கு மதியச் சாப்பாடு மூடி வைத்து, பஸ் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். அலையில் கால் நனைத்த சுகம் அரை மணி. மாற்றுத் துணி, ஈர டவல், மணல் ஒட்டிய செருப்பு, அழும் குழந்தை என்று சுமந்து வந்த அலுப்பு மூன்று நாள்!

"அப்படியானால் போகவே வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். போக வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்ணுக்கு, பரந்த தண்ணீரைப் பார்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைப் போல மருந்து வேறு கிடையாது. ஆனால் அந்தத் தண்ணீர் கடலாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

ராணி கேட்ட கடல்

திருவண்ணாமலையில் மலையின் அடிவாரத்திலேயே ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதன் பெயர் சமுத்திரம் ஏரி. ஊர்ப் பெரியவர்கள் இதைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். முன்னொரு காலத்தில் இந்தப் பக்கத்தை ஆண்ட ராஜாவின் மனைவிக்குக் கடல் எப்படி இருக்கும் என்றே தெரியாதாம். "கடலைப் பார்க்க வேண்டும்" என்று அவள் ஆசைப்பட, ராஜா அவளுக்காக இந்த ஏரியை வெட்டி, "இதோ பார், சமுத்திரம் இப்படித்தான் இருக்கும்" என்று காட்டினானாம்.

கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பெரிய ஏரியைச் சமுத்திரம் என்று அழைப்பது நம் நாட்டில் பழைய வழக்கம். ஆனாலும் நல்ல கதை. கடலைப் பார்க்க முடியாத ஒரு பெண்ணின் ஆசைக்கு ஊர் மதிப்புக் கொடுத்து, அதை ஓர் ஏரியின் பெயராகவே வைத்திருக்கிறது பாருங்கள்!

நல்ல மழை பெய்த வருஷம், ஐப்பசி கார்த்திகைக்குப் பிறகு இந்த ஏரி நிறைந்து நிற்கும். சாயங்காலம் கரைமேல் நடந்தால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அண்ணாமலை. கொக்கு, நீர்க்காகம், முங்கி முங்கி எழும் முக்குளிப்பான் என்று குழந்தைகளுக்குக் காட்ட எத்தனையோ உண்டு. மதகு எது, கலங்கல் எது என்று தாத்தாவைக் கேட்டால் அவரே உற்சாகமாக விளக்குவார். பஸ் செலவு கிடையாது. ராத்திரிச் சமையலுக்கு வீடு திரும்பிவிடலாம். ஆனால் மழை பொய்த்த வருஷக் கோடையில் இங்கே தண்ணீரைத் தேட வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட சமயத்துக்கும், முழு நாள் போய் வருவதற்கும் வேறோர் இடம் இருக்கிறது.

தண்டராம்பட்டு வழியாகச் சாத்தனூர்

திருவண்ணாமலையிலிருந்து தண்டராம்பட்டு வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் போனால் சாத்தனூர் அணை. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை ஆறு, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஓடி வந்து சென்னகேசவ மலைகளுக்கு நடுவே நுழைகிறது. அந்த இடத்தில்தான் அதை மறித்து அணை கட்டினார்கள். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1958-ல் வேலை முடிந்தது. தண்ணீரின் முழு அளவு 119 அடி. திருவண்ணாமலை நகரத்துக் குடிநீரும் இங்கிருந்து வருகிறது. ஆகவே குழந்தைகளிடம், "நம்ம வீட்டுக் குழாயிலே வர்ற தண்ணி இங்கேயிருந்துதான்டா வருது" என்று காட்டலாம். அதைவிட நல்ல பூகோளப் பாடம் ஏது?

இன்னொன்றும் சொல்லுங்கள். இந்தத் தண்ணீர் இங்கிருந்து திருக்கோவிலூர் வழியாகப் போய், கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. கடலுக்குப் போகும் தண்ணீரை வழியிலேயே நாம் பார்த்துவிடுகிறோம், அவ்வளவுதான்!

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். இங்கே அலை கிடையாது. மணல் வீடு கட்ட முடியாது. கிளிஞ்சல் பொறுக்க முடியாது. "இது பீச்சா?" என்று உங்கள் பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் ஆச்சரியப்படாதீர்கள். ஆனால் மலைகளுக்கு நடுவே விரிந்து கிடக்கும் தண்ணீர், மர நிழல், பூங்கா, உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிக்க இடம் எல்லாம் உண்டு. பழைய சினிமாப் படங்களில் கதாநாயகனும் கதாநாயகியும் ஓடிப் பாடிய பூங்கா இது என்று சொன்னால் பாட்டிமாருக்கு உற்சாகம் வந்துவிடும்.

பையன்களின் கோபத்தை ஆற்ற முதலைப் பண்ணை இருக்கிறது. வனத்துறை வளர்க்கும் நன்னீர் முதலைகள் கரையில் கட்டை கட்டையாகக் கிடக்கும். வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் இருப்பதைப் பார்த்து, "பொம்மையாம்மா?" என்று கேட்காத குழந்தை இல்லை. உடம்புச் சூட்டைச் சரிப்படுத்திக்கொள்ளத்தான் அப்படி வாயைத் திறந்து வைத்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு செய்தி. முதலை மண்ணில் குழி தோண்டி இருபது, முப்பது முட்டை இடுகிறது. சுமார் இரண்டு மாதம் அந்த இடத்தைக் காவல் காக்கிறது. குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் தாய் முதலை மண்ணைத் தோண்டி, அந்தக் கோரைப் பற்களுக்கு நடுவிலேயே குஞ்சுகளைப் பூப்போலத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விடும். நம் வீட்டில் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டே நாம் படும் பாடு நமக்குத் தெரியும்!

எப்போது போகலாம்?

மார்கழி, தை, மாசி மாதங்கள் உத்தமம். மழை ஓய்ந்து தண்ணீர் நிறைய இருக்கும், வெயிலும் தாங்கும். சித்திரை, வைகாசியில் போவதானால் காலை பதினோரு மணிக்குள் சுற்றிப் பார்ப்பதை முடித்துவிட்டு நிழலுக்கு வந்துவிடுங்கள். பௌர்ணமியன்றும் அதற்கு மறுநாளும் வேண்டவே வேண்டாம். 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்த கூட்டம் முழுவதும் பஸ் ஸ்டாண்டில் இருக்கும். குழந்தையை வைத்துக்கொண்டு ஏற முடியாது. கார்த்திகை தீபத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அடை மழைக் காலத்தில் கட்டாயம் போகக் கூடாது. 2024 டிசம்பர் ஆரம்பத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். மேலே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலையில் சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீரைத் திறந்துவிட வேண்டி வந்தது. கன அடி என்றால் நமக்குப் புரியாது. குடக் கணக்கில் சொல்கிறேன். ஒரு கன அடி ஏறக்குறைய 28 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட இரண்டு குடம். ஒவ்வொரு வினாடியும் மூன்று லட்சம் குடம் தண்ணீர்! விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் கரையோர ஊர்கள் எல்லாம் வெள்ளத்தில் மிதந்தன.

ஆகவே மழைக் காலத்தில் அணை திறப்புச் செய்தியைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். மற்ற நாளிலும் அணைக்குக் கீழே ஆற்றுப் பாறைகளில் இறங்கி உட்காரும் ஆசை வேண்டாம். மேலே மதகு திறந்தால் கீழே இருப்பவருக்கு யோசிக்கக்கூட நேரம் இருக்காது.

சாப்பாட்டு மூட்டை

புளியோதரை, எலுமிச்சம் சாதம், தயிர் சாதம், வடகம், ஊறுகாய் போதும். தயிர் சாதத்தில் பாலை அதிகம் விட்டு, கொஞ்சமாகத் தயிர் சேர்த்துப் பிசைந்தால் மதியம் புளிக்காது. தேங்காய்ச் சட்னி, தேங்காய் சாதம் வேண்டாம்; வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும். காய்ச்சி ஆறிய தண்ணீரை ஆளுக்கு இரண்டு லிட்டர் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் இருந்தால் வேறு கவலை இல்லை. புட்டிப்பால் என்றால் பிளாஸ்கில் வெந்நீரும் தனியாகப் பால் பவுடரும் கொண்டுபோய் அவ்வப்போது கலந்து கொடுங்கள். கலந்த பாலைப் பையில் வைத்து மதியம் வரை இழுத்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் அணைக்கட்டில் வறுத்த மீனைச் சாப்பிடாமல் திரும்பமாட்டார்கள். மசாலா தடவி எண்ணெயில் போடும் வாசனை வழியிலேயே இழுக்கும்! கண்ணெதிரே பொரித்துச் சுடச்சுடக் கொடுப்பதை மட்டும் வாங்குங்கள். ஏரி மீனில் கெண்டை வகைகளுக்கு நுண்முள் அதிகம். சின்னக் குழந்தைக்கு முதுகுப் பக்கத்துச் சதையை எடுத்து, விரலால் நசுக்கிப் பார்த்து, அம்மாதான் ஊட்ட வேண்டும். சித்தப்பா ஊட்டினால் போதாது!

அலை இல்லாத தண்ணீர்

இனிமேல் சொல்லப் போவதைத்தான் முக்கியமாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடலுக்குப் போனால் நாம் குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம். ஏன்? அலை பயமுறுத்துகிறது, சத்தம் போடுகிறது. ஏரி அப்படி இல்லை. கண்ணாடி மாதிரி இருக்கிறது. "சும்மா கரையோரமாத்தானே நிக்கிறான்" என்று நம் கை தானாகத் தளர்ந்துவிடுகிறது. ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

ஏரியின் அடி சமமாக இருக்காது. முழங்கால் ஆழத்தில் நிற்கும் குழந்தை அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்துக்குப் போய்விடலாம். மண் எடுத்த பழைய குழிகள் தண்ணீருக்கடியில் மறைந்து கிடக்கும். சேறு காலை இழுக்கும். உப்புத் தண்ணீர் கொஞ்சமாவது உடம்பைத் தூக்கிக் கொடுக்கும். நல்ல தண்ணீரில் அந்த உதவியும் குறைவு. பாசி பிடித்த படியில் கால் வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

சாத்தனூரில் இன்னொரு காரணமும் உண்டு. முதலைகள் பண்ணையில் மட்டும் இல்லை, நீர்த்தேக்கத்திலும் இருக்கின்றன. இங்கே தண்ணீர் பார்ப்பதற்கு மட்டுந்தான், இறங்குவதற்கு இல்லை. கால் நனைக்கக்கூட வேண்டாம். குளித்தே தீருவேன் என்கிற பிள்ளையை வீட்டுக்கு வந்து அண்டாவில் உட்கார வையுங்கள்!

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகத்தில் சுமார் மூன்று லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய கால் பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

மூழ்கும் குழந்தை சினிமாவில் வருகிற மாதிரி "காப்பாத்துங்க!" என்று கத்தாது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு வருவதும் போவதுமாக இருக்கும்போது மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கும், கத்த நேரம் ஏது? சத்தமே இல்லாமல் ஓரிரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். தண்ணீர்ப் பக்கம் போன குழந்தையின் சத்தம் நின்றுபோனால் அந்தக் கணமே திரும்பிப் பாருங்கள்.

காவல் யார் கையில்?

கூட்டமாகப் போகும்போதுதான் விபத்து நேருகிறது. அம்மா இலை போட்டுக்கொண்டிருப்பாள். அப்பா பார்த்துக்கொள்வார் என்று நினைப்பாள். அப்பா மைத்துனரோடு பேசிக்கொண்டிருப்பார். அத்தை பார்த்துக்கொள்வாள் என்று நினைப்பார். அத்தையோ கைப்பேசியில் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பாள். எல்லாரும் இருப்பார்கள். பார்ப்பவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. புறப்படும்போதே ஒரு சிவப்புத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தோளில் போட்டிருப்பவர்தான் காவல். அவர் பேசக் கூடாது, சாப்பிடக் கூடாது, கைப்பேசியைத் தொடக் கூடாது. குழந்தைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை துண்டை அடுத்தவர் தோளில் மாற்றுங்கள். "இப்ப உங்க முறைங்க" என்று வாய் விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சின்னக் குழந்தை என்றால் கை நீட்டினால் எட்டும் தூரத்திலேயே நிற்க வேண்டும்.

இந்தத் துண்டு அப்பாவின் தோளிலும் ஏற வேண்டும் என்பதைக் கவனியுங்கள்! பிக்னிக் என்று போனால் அடுப்படி இடம் மாறுகிறதே தவிர, நமக்கு வேலை மாறுவதில்லை. பரிமாறுவதும், துடைப்பதும், எண்ணிப் பார்ப்பதும் நம் தலையில்தான். துண்டு அவர் தோளில் இருக்கும் அந்த அரை மணி உங்களுடையது. எழுந்துபோய்த் தண்ணீரைப் பார்த்துத் தனியாக உட்காருங்கள். யாராவது "அம்மா!" என்று கூப்பிட்டால் அப்பாவைக் கை காட்டுங்கள். ராணி கேட்ட கடல் உங்களுக்கும் வேண்டும் அல்லவா?

ஒருவேளை நேர்ந்துவிட்டால்

நீச்சல் தெரியாதவர் குதிக்கவே கூடாது. பிள்ளையைக் காப்பாற்றப் போன தாயும் சேர்ந்து போன கதை எத்தனை கேட்டிருக்கிறோம்! புடவையை முறுக்கி வீசுங்கள். மூடி போட்ட காலி பிளாஸ்டிக் குடம், கயிறு, நீளக் கழி எது கிடைத்தாலும் எறியுங்கள் அல்லது நீட்டுங்கள். கூச்சல் போட்டு ஆள் கூட்டுங்கள். 108-க்கு ஒருவரைப் பேசச் சொல்லுங்கள்.

வெளியே எடுத்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் கூடாது. அதில் போவது பொன்னான நேரம். சமதரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈரத் துணியை மாற்றிப் போர்த்துங்கள். மூச்சு இல்லையென்றால் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து நெஞ்சு எழும்பும்படி இரண்டு முதல் ஐந்து தடவை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 தடவை அழுத்துங்கள். மறுபடி இரண்டு தடவை ஊதுங்கள். உதவி வரும்வரை இப்படியே மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். குழந்தை கண் திறந்து "ஒண்ணுமில்லம்மா" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரியில் காட்டாமல் வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்துத் தொல்லை கொடுக்கலாம்.

படிக்கும்போது பயமாக இருக்கிறதா? பயந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அடுத்த மாதம் பௌர்ணமி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். புளிக்காய்ச்சலை முதல் நாளே செய்துவிடலாம். சிவப்புத் துண்டை மட்டும் மறக்காமல் பையில் முதலில் வையுங்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் இப்படிக் குழந்தைகளோடு போய் வர நல்ல ஏரிக்கரை இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். மற்றச் சகோதரிகளுக்கும் பயன்படும்.